வண்டி நம்முடையது, கட்டணம் யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மூத்த மகன் பி.காம். முடித்துவிட்டு இரண்டு ஆண்டுகளாக உணவு டெலிவரி செய்கிறான். வண்டி அவன் பெயரில் தவணைக்கு வாங்கியது. பெட்ரோல், பழுது, கைப்பேசி எல்லாம் அவன் செலவு. நிறுவனம் அவனைத் தொழிலாளி என்று சொல்வதில்லை, ‘பார்ட்னர்’ என்கிறது. எங்கள் பகுதி படிப்பகத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, “கருவியைச் சொந்தமாக வைத்திருப்பவன் எப்படித் தொழிலாளி ஆவான்? பழைய சோசலிஸ்டுகளைக் கேட்டால் சிறு உடைமையாளன் என்றுதான் சொல்லியிருப்பார்கள்” என்றார் ஒரு பெரியவர். அது சரிதானா?
– ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: அந்தப் பெரியவரின் அளவுகோலை மதிக்கிறேன், ஆனால் அது ஆலைத் தொழிலாளியை மனத்தில் வைத்து உருவான அளவுகோல். பெரம்பூரைச் சுற்றிப் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தொழிலாளி என்றதும் பின்னி ஆலையின் சங்குச் சத்தமும் ஷிப்டு முடிந்து வெளியே வரும் கூட்டமும் நினைவுக்கு வருவது இயல்பு. எனினும், ‘சோசலிஸ்ட்’ என்ற சொல் 1827-இல் இங்கிலாந்தில், ஆலை நிர்வாகியும் சீர்திருத்தச் சிந்தனையாளருமான ராபர்ட் ஓவனைப் பின்பற்றியவர்களின் இதழில் அச்சேறியபோது, ஐரோப்பாவின் உழைப்பாளிகளில் பெரும்பாலோர் ஆலை வாசலை மிதித்ததே இல்லை. சொந்த வீட்டில், சொந்தத் தறியில், பிறர் தரும் நூலை நெய்து கொடுத்து அளவுக்குத் தக்கபடி கூலி வாங்கியவர்கள் அவர்களுள் ஏராளம். தொடக்ககால சோசலிசச் சிந்தனை இவர்களையும் பார்த்துத்தான் வளர்ந்தது. ஆகவே உங்கள் மகனின் நிலை அவர்களுக்குப் புதிராக இருந்திருக்காது என்பதே என் எண்ணம்.

பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கனூ’ என்று அழைக்கப்பட்ட அவர்களுள் தறிக்குச் சொந்தக்காரர்களான மாஸ்டர் நெசவாளர்கள் மட்டும் சுமார் எட்டாயிரம் பேர். தறி அவர்களுடையது; தறி நிற்கும் வீட்டின் வாடகையும் அவர்களுடையது. பட்டு நூலும், நெய்ய வேண்டிய வடிவமும், ஆர்டரும் வணிகர்களிடம் இருந்தன. ஒரு துணிக்கு என்ன கூலி என்பதை வணிகர் சொல்வார். விருப்பமில்லை என்றால் நெசவாளர் மறுத்துவிடலாம், ஆனால் மறுத்த நாளில் தறி சும்மா நிற்கும். 1831 அக்டோபரில் மாவட்ட ஆட்சித் தலைவரின் முன்னிலையில் இரு தரப்புப் பிரதிநிதிகளும் அமர்ந்து, குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வணிகர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். நெசவாளர்கள் சுதந்திரமான மனிதர்கள், ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமையுடையவர்கள், அந்த உரிமையில் பட்டியலோ அரசோ தலையிடக் கூடாது என்பதே அவர்களின் வாதம். நவம்பர் 21 அன்று நெசவாளர்கள் கறுப்புக் கொடியோடு குன்றிலிருந்து நகருக்குள் இறங்கினார்கள். உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம் என்பது அவர்களின் முழக்கம். சில நாள்கள் நகரம் அவர்கள் கையில் இருந்தது. டிசம்பரில் படை வந்தது. கூலிப் பட்டியல் செல்லாது என்று அரசு அறிவித்தது.

அந்த வணிகர்களின் வாதத்தை மீண்டும் ஒரு முறை படியுங்கள். ‘பார்ட்னர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இன்று நிற்பதும் ஏறத்தாழ அதே வாதம்தான். தொடக்ககாலப் பிரெஞ்சு சோசலிஸ்டான ஃபூரியே பல ஆண்டுகள் வணிகக் கடைகளில் எழுத்தராக வேலை பார்த்த ஊர் லியோன். இன்னொரு பிரெஞ்சு சோசலிஸ்டான ப்ரூதோன் பின்னாளில் பிழைப்புக்கு வந்த ஊரும் அதுவே. அந்த ஊர் அவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்த பாடம் இது: கருவி சொந்தம் என்பது மட்டும் ஒருவரைத் தன் உழைப்புக்கு எஜமானர் ஆக்கிவிடாது. ஆர்டர் வராத தறி வெறும் மரச்சட்டம். ஆப்பில் உங்கள் மகனின் ஐடி நிறுத்தப்பட்டால் மறுநாள் அவருடைய வண்டி அவருக்குப் பிழைப்பைத் தராது. மாதத் தவணையை மட்டும் கேட்கும்.

1825-இல் இலண்டனில் தாமஸ் ஹாட்ஜ்ஸ்கின் என்பவர் மூலதனத்தின் உரிமைக்கோரலுக்கு எதிராக உழைப்பின் பக்கம் நின்று ஒரு சிறு நூல் வெளியிட்டார். உணவு விளைவிப்பவருக்கும் உடை நெய்பவருக்கும் நடுவே வந்து நின்று, இருவரின் உழைப்பையும் கைமாற்றி, இருவரிடமிருந்தும் பங்கு எடுத்துக்கொள்பவரே முதலாளி என்பது அதன் மையக் கருத்து. முதலாளி என்றால் ஆலை கட்டியவர் என்று அவர் நினைக்கவில்லை. இடையில் நின்று வழியைக் கையில் வைத்திருப்பவர் என்று நினைத்தார். சமைப்பவருக்கும் சாப்பிடுபவருக்கும் கொண்டு செல்பவருக்கும் நடுவில் நிற்கும் ஆப்பை அவரிடம் காட்டினால், அதிக விளக்கம் தேவைப்படாமலே புரிந்துகொண்டிருப்பார்.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: அந்தப் பழைய சோசலிஸ்டுகள் ‘பார்ட்னர்’ என்ற பெயரிலிருந்து தொடங்கியிருக்க மாட்டார்கள். கூலியை முடிவு செய்வது யார், வேலைக்கான வாசலைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் உள்ளவர் யார், வேலை வராத நேரத்தின் நட்டம் யார் தலையில் விழுகிறது என்று கேட்டிருப்பார்கள். அந்த விடைகளின்படி உங்கள் மகன் தொழிலாளிதான். இப்படிக் கேட்பதற்கு நம் நாட்டுச் சட்டத்திலும் இடம் இருந்திருக்கிறது. நெல்லையிலும் வேலூரிலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பீடி சுற்றிய பெண்களை, ஆலைக்குள் வராதவர்கள் என்பதால் 1966-ஆம் ஆண்டின் பீடி சுருட்டுத் தொழிலாளர் சட்டம் விலக்கிவிடவில்லை. வீட்டில் வேலை செய்பவரும் பணியாளரே என்று எழுதி வைத்தது. இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர் என்று ஏற்றதும், ஒப்பந்தத் தாளில் இருந்த பெயரை ஒதுக்கிவிட்டு, கட்டணத்தை நிர்ணயிப்பது யார் என்று பார்த்ததால்தான்.

கேள்வி: சென்ற மழையில் எங்கள் பகுதி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றது. சுற்றிக்கொண்டு போனதால் ஆர்டர் தாமதமாயிற்று. வாடிக்கையாளர் ஒரு நட்சத்திரம் போட்டார். அந்த வாரம் ரேட்டிங் இறங்கி, இன்சென்டிவ் போயிற்று. யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை. ஆப்பில் தானாக வரும் பதில்தான் வந்தது. ஆளே இல்லாத இப்படி ஒரு மேற்பார்வையை அந்தக் காலத்துச் சிந்தனையாளர்கள் கற்பனையாவது செய்திருப்பார்களா?
– ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: கற்பனை செய்ததோடு நிற்கவில்லை, அவர்களுள் ஒருவர் அதை நடத்தியே காட்டினார். அவர் ராபர்ட் ஓவன். 1800 முதல் ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் பஞ்சாலையை நிர்வகித்தபோது, ஒவ்வொரு தொழிலாளியின் இடத்துக்கு அருகிலும் நான்கு பக்கமுள்ள ஒரு சிறு மரக்கட்டையைத் தொங்கவிட்டார். கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என்று பக்கத்துக்கு ஒரு நிறம். முந்தைய நாளின் நடத்தை மோசம் என்றால் கறுப்பும், மிக நன்று என்றால் வெள்ளையும் முன்னால் தெரியும்படி திருப்பி வைக்கப்படும். அதற்கு ‘மௌனக் கண்காணி’ என்று பொருள்படும் பெயர் வைத்தார். நாள்தோறும் நிறம் பதிவேட்டில் ஏறும். இன்றைய நட்சத்திர மதிப்பெண்ணுக்கு நான் அறிந்தவற்றுள் மிக நெருங்கிய மூதாதை அதுதான்.

ஓவன் மீது எனக்குள்ள மதிப்பு பெரிது என்றாலும், இதை அவருடைய பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தந்தை பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் தொழிலாளர்களைப் பார்த்தவர் அவர். அவர்களை நல்லவர்களாக்குவது தம் பொறுப்பு என்று நம்பினார், அவர்கள் தம்மைத் தாமே ஆண்டுகொள்ள முடியும் என்று நம்ப அவருக்கு வெகுகாலம் பிடித்தது. எனினும் அவருடைய கட்டைக்கும் உங்கள் ரேட்டிங்குக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. உங்கள் கேள்வியின் உயிரும் அங்கேதான் இருக்கிறது. மேற்பார்வையாளர் போட்ட நிறம் அநியாயம் என்று கருதும் எவரும், அது பதிவேட்டில் ஏறுவதற்கு முன்பே ஓவனிடம் நேரில் முறையிடலாம் என்ற ஏற்பாடு இருந்தது. மேலும், நிறம் மட்டும் திருப்பப்பட்டதே ஒழிய, கறுப்பு நிறத்துக்காக எவரையும் தண்டிக்க அவர் விரும்பவில்லை. உங்களுக்கோ முறையிட ஆளும் இல்லை, மதிப்பெண் இறங்கினால் வருமானமும் இறங்குகிறது. தாமதத்துக்குக் காரணம் சுரங்கப்பாதையில் நின்ற தண்ணீர் என்பதைக் கேட்க மனிதர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சலுகை அன்று. கண்காணிப்பின் கீழ் வேலை வாங்குபவர், அந்தக் கண்காணிப்புக்குப் பதில் சொல்லவும் கடமைப்பட்டவர். அந்தக் கடமைதான் முதலாளி என்ற நிலையின் முதல் அடையாளம். அதை ஏற்காமல் ‘நான் முதலாளி இல்லை’ என்று சொல்வது எளிதாகிவிட்டது.

இதே வழியில் கார்ல் மார்க்ஸ் 1867-இல் இன்னும் ஓர் அடி முன்னே சென்றார். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி தரும்போது வேலையின் தரத்தையும் வேகத்தையும் அந்தக் கூலி முறையே கட்டுப்படுத்திவிடுகிறது, எனவே மேற்பார்வையாளர் பெரும்பகுதி தேவையற்றவராகிறார் என்று அவர் எழுதினார். ஆளில்லாத மேற்பார்வை என்று நீங்கள் குறிப்பிட்டதை அவர் கூலியின் வடிவத்திலேயே கண்டுவிட்டார்.

கேள்வி: எனக்கு இந்த வேலையில் பிடித்ததே நேரம் என் கையில் இருப்பதுதான். காலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், மாலையில் லாகின் செய்கிறேன். என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். டாக் லேபர் போர்டு வந்த பிறகுதான் குடும்பம் நிமிர்ந்தது என்பார். எங்களையும் நிரந்தரப் பணியாளர் ஆக்கினால் எட்டு மணி நேரம் கட்டிப்போட்டுவிட மாட்டார்களா? சுதந்திரத்தை விட்டுக்கொடுத்துத்தான் பாதுகாப்பைப் பெற வேண்டுமா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: விடையை உங்கள் தாத்தா உங்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று தோன்றுகிறது; அதற்கு வருமுன் ஃபூரியேயைச் சொல்ல வேண்டும். தொடக்ககால சோசலிஸ்டுகளுள் நேர சுதந்திரத்தை அவர் அளவுக்கு நேசித்தவர் எவரும் இல்லை. ஒரே வேலையில் மனிதனை நாள் முழுவதும் நிறுத்தி வைப்பது அவன் இயல்புக்கு விரோதம் என்றும், ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வேலை மாற வேண்டும் என்றும், பிடித்த வேலையைப் பிடித்தவர்களோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்றும் அவர் எழுதினார். காலையில் படிப்பு, மாலையில் வண்டி என்ற உங்கள் நாள் அவருக்குப் பிடித்திருக்கும். ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு அவர் ஒரு முன்நிபந்தனை வைத்தார்: வேலை செய்வதற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் உயிர்வாழ்வதற்கான குறைந்தபட்சம் உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். பசியின் பயத்தில் ஏற்கும் வேலையை, அதை எந்த நேரத்தில் செய்தாலும், அவர் விருப்ப வேலை என்று ஒப்பவில்லை. அவர் கற்பனை செய்த கூட்டுக் குடியிருப்பில் விளையும் வருமானத்தைப் பன்னிரண்டு பங்காக்கி, உழைப்புக்கு ஐந்தும் மூலதனத்துக்கு நான்கும் திறமைக்கு மூன்றும் தரத் திட்டமிட்டார். ‘பார்ட்னர்’ என்ற சொல்லை அவரிடம் சொன்னால், உன் பங்கு பன்னிரண்டில் எத்தனை என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

மாலை ஏழு மணிக்குத்தான் ஆர்டர் வரும், ஏழுக்கு லாகின் செய்யாவிட்டால் இன்சென்டிவ் எண்ணிக்கை நிறையாது என்ற நிலையில், நேரம் எந்த அளவு உங்கள் கையில் இருக்கிறது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஓட்டலுக்கு வெளியே பார்சலுக்காக நிற்கும் இருபது நிமிடமும், அடுத்த ஆர்டருக்காகத் திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் அரை மணியும் உங்கள் ஆயுளிலிருந்துதான் கழிகின்றன. அமெரிக்கா பருத்தி அனுப்புவதை நிறுத்தியபோது நியூ லானார்க்கில் நான்கு மாதம் நூற்பு நின்றது. இயந்திரங்களைத் துடைத்து வைத்திருந்த தொழிலாளர்களுக்கு ஓவன் முழுக் கூலியும் கொடுத்தார், அதற்கு ஏழாயிரம் பிரிட்டிஷ் பவுண்டுக்கு மேல் செலவாயிற்று. வேலைக்குத் தயாராக நிற்பதும் வேலையின் ஒரு பகுதி என்று ஏற்றதால்தான் அது நடந்தது.

இனி உங்கள் தாத்தா. 1948-ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு முன்பு, கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி என்பதே துறைமுகக் கூலிகளின் வாழ்க்கை. வாசலில் கூட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி கைகாட்டுகிறவர் உள்ளே போவார். அந்தச் சட்டத்தின் கீழ் வந்த வாரியங்கள் தொழிலாளர்களைப் பதிவு செய்து பொதுப் பட்டியலில் வைத்தன. வேலை முறை வைத்துப் பகிரப்பட்டது. ஒரே முதலாளியிடம் கட்டிப்போடவில்லை. இன்று ஒரு கம்பெனியின் கப்பல், நாளை இன்னொன்று. வந்து நின்றும் வேலை கிடைக்காத நாளுக்கு ஒரு படியும், மாதத்தில் குறைந்தது இத்தனை நாள் கூலி என்ற உத்தரவாதமும் கிடைத்தன. வேலை கூடிக் குறையும் தொழிலில், அந்த ஏற்ற இறக்கத்தின் நட்டத்தைத் தொழிலாளியின் தலையிலிருந்து இறக்கித் தொழிலின் தலையில் வைத்த ஏற்பாடு அது. ஆப்பில் இதைச் செய்வது துறைமுகத்தில் செய்ததைவிட எளிது, ஏனெனில் யார் எத்தனை நிமிடம் லாகினில் நின்றார் என்ற கணக்கு ஏற்கெனவே நிறுவனத்திடம் இருக்கிறது.

நேரக் கட்டுப்பாடு இல்லாதவர் தொழிலாளி ஆக முடியாது என்ற வாதமும் நம் நீதிமன்றத்தில் பழைய வாதம்தான். சௌராஷ்டிரத்து உப்பளத் தொழிலாளர்களுக்கு வேலை நேரம் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது, வேண்டுமானால் உதவிக்குத் தாங்களே ஆள் வைத்துக்கொள்ளலாம். விளைந்த உப்பின் எடைக்குத்தான் கூலி. அவர்களும் தொழிலாளர்களே என்று உச்ச நீதிமன்றம் 1956-இல் தீர்ப்பளித்தது. ஆகவே படிப்பை விட்டுவிடாதீர்கள், உரிமையையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தமிழக அரசு, ஆப் வழியே வேலை எடுத்துச் செய்யும் ‘கிக்’ தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைத்துவிட்டதே, தொழிலாளி என்ற அந்தஸ்து இனியும் எதற்கு?
– ஒரு மாணவி, திருவொற்றியூர்

பதில்: வாரியம் வேண்டும், 2023 இறுதியில் அது அமைந்ததை நான் மனமார வரவேற்கிறேன், உங்களுக்குத் தெரிந்த டெலிவரி ஊழியர்களைப் பதிவு செய்யவும் சொல்லுங்கள். இதற்கும் ஒரு மூதாதை உண்டு. பிரெஞ்சு சோசலிஸ்ட் எழுத்தாளரான ஃப்ளோரா த்ரிஸ்தான் 1843-இல் எழுதிய திட்டத்தில், தொழிலாளர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டு ஃபிராங்க் போட்டு, முதியோருக்கும் காயமுற்றோருக்கும் குழந்தைகளுக்கும் மாளிகைகள் கட்டலாம் என்றார். அடுத்த ஆண்டே ஊர் ஊராக அதைச் சொல்லிக்கொண்டு போன பயணத்தில், நாற்பத்தோரு வயதில் இறந்துபோனார். ஆனால் அவருடைய திட்டத்தில் மாளிகை மட்டும் இல்லை; வேலைக்கான உரிமையும், ஆண் பெண் சமத்துவமும், எல்லாத் தொழிலாளர்களும் ஒரே வர்க்கமாகச் சேரும் ஒன்றியமும் இருந்தன. நிதியை அவர் ஒன்றியத்தின் கையில் கொடுத்தார்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஆப் நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை, தொழிலாளர்களுக்குத் தரும் தொகையில் 5 சதவீதத்துக்கு மிகாமல், நல நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. அதே சட்டம் கிக் தொழிலாளியை மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்பவர் என்று வரையறுக்கிறது. அந்த வரையறையில்தான் என் மனம் உறுத்துகிறது. விபத்து நடந்தபின் உதவி கிடைக்கும். விபத்தை உண்டாக்கும் அவசரத்தைக் கேட்க முடியாது. கட்டணம் ஒரே இரவில் குறைக்கப்பட்டால் வாரியத்தில் அதற்கு இடம் இல்லை. 1848 மார்ச் 2 அன்று, சோசலிஸ்டான லூயி பிளாங்க் இடம்பெற்றிருந்த, புரட்சிக்குப் பின் அமைந்த பாரிஸ் தற்காலிக அரசு பிறப்பித்த ஆணை, பாரிஸில் வேலை நாளைப் பத்து மணி நேரமாகக் குறைத்ததோடு, உழைப்பைக் குத்தகைக்கு எடுத்து இடையில் லாபம் பார்க்கும் முறையையும் ஒழிப்பதாக அறிவித்தது. ஆறே மாதத்தில் நேர வரம்பு பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது என்பது வருத்தமான உண்மை. ஆயினும் அவர்கள் நிவாரணத்தோடு நிற்காமல் உறவின் மீதே கை வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: சட்டம் தொழிலாளி என்று ஏற்ற பிறகு சங்கம் அமைப்பதா, சங்கம் அமைத்த பிறகு சட்டத்தைக் கேட்பதா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: உங்கள் ஊரே பதில் சொல்லியிருக்கிறது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர் வட்டாரத்து ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு தொடங்கியபோது, தொழிற்சங்கத்துக்கென்று இந்தியாவில் சட்டமே இல்லை. செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் முன்னின்றார்கள், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணை நின்றார். ஆலை நிர்வாகம் வாடியா முதலியோர் மீது, தொழிலாளர்களை ஒப்பந்தம் மீறத் தூண்டினார்கள் என்று உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் தடையாணையும் கொடுத்தது. ஒப்பந்தச் சுதந்திரம் என்ற லியோன் வணிகர்களின் வாதம் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. அந்த வழக்கு எழுப்பிய கொந்தளிப்பால் 1921-இல் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி, தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1923 மே முதல் நாளில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையில் சிங்காரவேலர் நாட்டின் முதல் மே தினத்தை நடத்தியபோதும் சட்டம் வந்திருக்கவில்லை. தொழிற்சங்கச் சட்டம் 1926-இல் வந்தது. அது தொழிலாளர் என்ற சொல்லை விளக்கும்போது, தகராறு யாரோடு நடக்கிறதோ அந்த முதலாளியின் கீழ் வேலை செய்கிறவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்று சேர்த்தே எழுதியது. உங்கள் தெருமுனை டீக்கடையில் ஆர்டருக்காகக் காத்து நிற்பவர்களிடம் முதலில் பேசுங்கள்.